இடது பக்கத்து வெளிச்சம்

ஜூன் 3

அண்ணாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. நாலு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது நலமா என்று கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். உன்னிடம் ஒரு தொழில் விவரம் கேட்க வேண்டும். தங்கையாக இல்லை, உன் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்கிற யாரோ ஒருத்தியாக நினைத்துக்கொண்டு பதில் எழுது. போனில் கேட்டிருக்கலாம். போன் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. எட்டு மாதமாக இருக்கிறது. வலிக்கவில்லையே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டிக்குள்ளேயே ஓடுகிறதாம். கட்டியோடு அதையும் வெட்ட வேண்டியிருக்கும், வெட்டினால் இடது பாதி முகம் விழுந்துவிடும் என்று டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. நான் அப்பாவைப் பார்த்தவள்.

ஆபரேஷன் 27ஆம் தேதி. அதற்குள் இந்த முகத்தோடு எனக்கு ஒரு நல்ல போட்டோ வேண்டும். ஒன்றே ஒன்று போதும். இங்கே பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் போட்டுச் சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டார்கள். மூக்கோரத்து மச்சத்தைக்கூடக் காணோம். நாற்பத்தொரு வயதுக்காரி போய் ஒரு பொம்மையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் மாப்பிள்ளை தன் ஆபீஸ் நண்பரிடம் கேமராவும் அதன் தலையில் செருகுகிற ஃப்ளாஷும் இரவல் வாங்கி வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கையில் கேமரா எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். நெற்றியில் எண்ணெய் வழிகிற மாதிரி பளபளப்பு, பின்சுவரில் கரேலென்று என் நிழல், கண் இரண்டும் திருட்டு முழி. பாவம், மூன்று நாளாக முயற்சி செய்கிறார். எங்கே தப்பு நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

நீ வர வேண்டாம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. நீ வெளிச்சம் வைத்தால் நான் என் முகத்தைப் பார்க்க மாட்டேன். என் கல்யாணத்தில் அப்பாவுக்கு நீ வைத்த வெளிச்சத்தைத்தான் பார்ப்பேன்.

தங்கை


ஜூன் 7

வாலுவுக்கு,

அந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது என்றால் அடித்துவிட்டுப் படி. பேனாவை எடுத்தால் வேறு பெயர் வரவில்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்று உள்ளே போனவன், வெளியே வந்தபோது அவர் எழுந்து போயிருந்தார். வீட்டில் உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு அழ வரவில்லை. கடைக்குத் திரும்பி, இருக்கிற எல்லா லைட் ஸ்டாண்டையும் துடைத்து வைத்தேன்.

தொழில் விவரம் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். முதலில் ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றச் சொல். பார்க்கிற இடத்திலிருந்தே வெளிச்சமும் வந்தால் முகத்தில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது, எல்லாம் தட்டையாகிவிடும். ட்ரிகர் என்று தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு விற்கிறார்கள். ஒன்றைக் கேமராவில் மாட்டி, மற்றதை ஃப்ளாஷில் மாட்டினால் ஃப்ளாஷ் எங்கே இருந்தாலும் வெட்டும்.

அடுத்தது முக்கியம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் யாருக்கும் முகம் நன்றாக இருக்கும், கவனித்திருப்பாய். ஜன்னல் பெரியது, அதனால்தான். ஃப்ளாஷின் கண்ணாடி உன் உள்ளங்கை அளவுகூட இல்லை. சின்ன இடத்திலிருந்து வருகிற வெளிச்சம் நிழலைக் கத்தியால் அறுத்த மாதிரி அறுக்கும். ஆகவே அதைப் பெரிதாக்க வேண்டும். என்னிடம் அதற்கு வெள்ளைக் குடை இருக்கிறது. உங்களிடம் துணி காயப்போடுகிற ஸ்டாண்ட் இருக்கும், அதில் ஒரு வெள்ளைப் போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். ஃப்ளாஷை அதற்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நிறுத்தினால் போர்வை முழுவதும் வெளிச்சமாகும். அதுதான் இனி உன் ஜன்னல். போர்வை உன் முகத்துக்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு மெத்தென்று விழும். படத்துக்குள் போர்வை தெரியக் கூடாது, அவ்வளவுதான். பயந்துகொண்டு தூரத் தள்ளினால் பழையபடி கரடுமுரடுதான்.

நேர் எதிரே வைக்க வேண்டாம். பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே. உன் இரண்டு கண்ணிலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழுகிறதா என்று மாப்பிள்ளை பார்க்கட்டும். அது இல்லாவிட்டால் கண்ணில் உயிர் இருக்காது. எதிர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் அந்தப் பாதியும் ரொம்ப இருண்டு போகாது. சுவரை விட்டு நாலடி முன்னால் உட்கார், நிழல் தொலைந்துவிடும்.

கட்டி இடது காதுக்குக் கீழே என்கிறாய். வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் போர்வையை வலது பக்கம் வைத்து, வலது கன்னம் கேமராவைப் பார்க்கிற மாதிரி நீயும் கொஞ்சம் திரும்பிக்கொள். தெர்மாகோலையும் எடுத்துவிடலாம். இடது தாடை நிழலில் போய்விடும். யாருக்கும் தெரியாது.

நீ வர வேண்டாம் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். வர மாட்டேன். ஆனால் கேமரா பையைக் கட்டி வாசல் பக்கம்தான் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 12

அண்ணாவுக்கு,

முதலில் உன் மாப்பிள்ளை கதையைக் கேள். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் போர்வைகூடக் கிடையாது, எல்லாம் பூப்போட்டது. ‘போர்வை எதுக்கு, சுவத்துல அடிச்சாலும் பெருசாத்தானே வரும்’ என்று அவராகவே ஒரு யோசனை செய்து ஃப்ளாஷைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் கூடத்துச் சுவர் பச்சை. மூன்று நாள் குளத்தில் கிடந்தவளை எடுத்து உட்கார வைத்த மாதிரி இருந்தேன். பிறகு கடைக்குப் போய் வெள்ளைப் போர்வை வாங்கி வந்தார். அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஒரு கை தூரம்னு எழுதியிருக்காரே, உங்கண்ணன் கை எவ்ளோ நீளம்?’ என்று கேட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இந்த வீட்டில் நான் சிரித்தேன்.

சிரித்து முடித்துவிட்டு உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். ‘யாருக்கும் தெரியாது.’ உன்னோடு நாலு வருடம் பேசாமல் இருந்ததே இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான். அதையே எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று மறந்துவிட்டாயா? காது கேளாத பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அவர்கள் என் உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். வகுப்பில் நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவே மாட்டேன். மறந்துபோய் நின்றால் என் முகம் இருண்டுவிடும், உடனே முதல் வரிசையில் கை தூக்குவார்கள், கேட்கவில்லை என்று. முகம் பாதி நிழலில் இருந்தால் அவர்களுக்குப் பேச்சும் பாதிதான். 27ஆம் தேதிக்கு அப்புறம் இந்த வாய் ஒரு பக்கம்தான் மூடும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது தெரியுமா தெரியாதா என்பதுதான் என் பயம். அழகு போகிறதே என்று நான் அழவில்லை. உனக்கோ முகம் என்றால் மறைக்க வேண்டிய பக்கம் ஒன்று, காட்ட வேண்டிய பக்கம் ஒன்று.

அப்பாவுக்கும் அதைத்தான் செய்தாய். என் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் பக்கவாதம் வந்தது. கை கால் தேறியது, இடது முகம் தேறவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர், ‘வாய் பாதிதானே, இனிமே எனக்கு அரை டிக்கெட் போதும்மா’ என்று சொல்லிச் சிரித்தார். நீதான் குடும்பப் படம் எடுக்கிறேன் என்று அவரை ஓரமாகத் திருப்பி உட்கார வைத்து, வலது பக்கத்தில் மட்டும் லைட்டை வைத்து, ‘யாருக்கும் தெரியாது’ என்று சொல்லி விழுந்த பாதியை இருட்டில் தள்ளினாய். வந்தவர்கள் எல்லாம் ‘அப்பா பழையபடியே இருக்காரே’ என்று உன் கையைக் குலுக்கினார்கள். அப்புறம் நான் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவர் இடது கன்னத்தைச் சுவரோடு வைத்துத்தான் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா என்று ஒருமுறை அவருக்கு எழுதினேன். அது வரவேயில்லை. பெற்ற மகளுக்குக்கூட முகத்தைக் காட்டக் கூசும்படி செய்துவிட்டாய். நாலு வருடம் முன்னால் அவர் போன பிறகும் அதே படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினாய். அங்கே இருப்பது பாதி அப்பா. மீதிப் பாதி எங்கே என்று அன்றைக்குக் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

வெள்ளைப் போர்வையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை


ஜூன் 16

வாலு,

உன் அண்ணியிடம்கூடச் சொல்லாததை எழுதுகிறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இதையாவது அனுப்ப வேண்டும்.

அப்பா கூசவில்லை. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ‘நல்லா ஒளிச்சு வெச்சிருக்கடா என்னை’ என்று சிரிக்கத்தான் செய்தார். அந்தப் படத்தை அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நடந்தது வேறு.

உன் கல்யாணம் முடிந்து இரண்டாவது வருடம். மத்தியானம், கடையில் யாருமில்லை. அப்பா வந்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இடது தாடையில் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி சரியாக இல்லை. நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அவராகவே திரும்பி இடது கன்னத்தை என் பக்கம் காட்டினார். ‘லைட்ட இந்தப் பக்கம் வெச்சு ஒண்ணு எடுடா. வாலு கேட்டிருக்கா’ என்றார். வார்த்தை குழறியது. ஆனாலும் புரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது, நன்றாகப் புரிந்தது.

‘இப்ப வேணாம்ப்பா. கொஞ்சம் சரியானதும் எடுக்கலாம்’ என்றேன்.

உண்மையிலேயே சரியாகிவிடும் என்று நம்பினேன் என இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பொய். இனி அது சரியாகாது என்று டாக்டர் சொன்னதே என்னிடம்தான். அப்பாவுக்கும் அது தெரியும். எனக்கு அந்த முகத்தைக் கேமராவுக்குள் பார்க்க தைரியமில்லை. தினம் நூறு முகம் பார்க்கிறவனுக்கு அந்த ஒரு முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபோகஸ் செய்வதென்றால் அந்தக் கண்ணைத்தான் பார்த்தாக வேண்டும், வாலு. மூட முடியாமல் நீர் வடிகிற அந்த இடது கண்ணை.

‘சரிடா’ என்றார். சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறு வாரம் இன்னொரு தடவை வந்தார். அதே சட்டை. நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. சுவர்ப் பக்கமாக உட்கார ஆரம்பித்தது அதிலிருந்துதான். நீ தூரத்தில் இருந்தாய், உனக்கு ஆல்பம்தான் காரணமாகத் தெரிந்தது. அப்படியே தெரியட்டும் என்று நான் விட்டுவிட்டேன். நீ கேட்டபோது பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான். மீதிப் பாதி என் கடைக்கு இரண்டு தடவை வந்தது, நான்தான் திருப்பி அனுப்பினேன்.

போர்வையை இடது பக்கமே நிறுத்து. கட்டி தெரிந்தால் தெரியட்டும். தெர்மாகோலை வலது பக்கம் வை. இதற்கு மேல் சொல்லித்தர எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. நீ இனி எழுதாமல் இருந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அண்ணன்


ஜூன் 26

வாலு,

நாளைக்கு ஆபரேஷன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

உன் கவர் நேற்று வந்தது. உள்ளே போட்டோ மட்டும் இருந்தது. ஒரு வரியாவது இருக்குமா என்று கவரைக் கிழித்து விரித்துக்கூடப் பார்த்தேன். அதனால் என்ன, போட்டோவைப் பார்த்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல், என் கடையில் வேலை போட்டுத் தருகிறேன் என்று. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. கட்டி தெரிகிறது. கன்னத்துப் பொட்டுப் பொட்டான தழும்பு தெரிகிறது, மச்சம் அதன் இடத்தில் இருக்கிறது. கண்ணில் போர்வை நாலு மூலையோடு விழுந்திருக்கிறது. உதடு இரண்டும் சேர்ந்து இருக்கிறது, ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறாய். என்ன சொன்னாய் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், உன் பிள்ளைகள் மாதிரி எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இன்று கடையை மதியமே அடைத்துவிட்டேன். அப்பா உட்கார்ந்த அந்த ஸ்டூலை நடுவில் போட்டேன். லைட்டை அவர் சொன்ன பக்கம் வைத்து, குடையை விரித்து, அவர் கண் எங்கே இருக்கும் என்று கணக்குப் பார்த்து ஃபோகஸ் செய்து ஒன்று எடுத்தேன். ஸ்டூல் நன்றாக வந்திருக்கிறது. பைத்தியக்காரன் என்று நீ சொல்வாய், சரிதான்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து நிற்க வேண்டும் போல் இருக்கிறது. வரவில்லை. மாப்பிள்ளையை ஒரு போன் மட்டும் செய்யச் சொல். நீ பேச வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 24

அண்ணா,

இடது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எழுதுகிறேன், கோடு மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள். நரம்பை வெட்டியாயிற்று. மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பார். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் ஒழுகுகிறது. கண் மூடுவதில்லை. முகத்தைத் துடைக்கும்போது அந்தப் பாதி வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

போட்டோவில் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. டேப்பை வைத்துப் போர்வையை அளந்துகொண்டே இருந்தார். ‘போதும், எடுங்க’ என்று கத்த வாயெடுத்தேன், அப்போது எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். ஒரு மணி நேரம் போதும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். வெளிச்சத்தைப் பார்த்து நின்று பேச ஆரம்பித்தேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு முதல் வரிசைப் பெண் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்துவிட்டார்கள். வலது பாதியைப் பார்த்துப் படிக்கிறார்கள். பத்து வார்த்தையில் ஆறு தெரிகிறதாம். நாலு போச்சு. வீட்டுக்கு வந்து அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. வலது கண்ணில்தான் ஒழுங்காக அழ முடிகிறது.

உன் 16ஆம் தேதிக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே படித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அந்தத் தாடை வெட்டோடு அவர் வந்து உட்கார்ந்ததை நினைத்தால் உன்னை நாலு அறை அறையலாம் போலத்தான் இருக்கிறது. எனக்காகக் கிளம்பி வந்திருக்கிறார், அண்ணா. இரண்டு தடவை. அந்தப் போட்டோ வராத இந்த ஒன்பது வருடமும், அவருக்கு என்மேல் அவ்வளவு பிரியம் இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

கட்டு பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். அப்பாதான். அதே வாயோரம், அதே கண். அவர் அனுப்ப நினைத்த போட்டோ இப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது.

நேற்று மாப்பிள்ளையிடம் கேமராவைக் கொடுத்து, இப்போது ஒன்று எடுங்கள் என்றேன். போர்வையைக் கட்டினார், ஃப்ளாஷை நிறுத்தினார், இந்த முறை டேப்கூட எடுக்கவில்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர் அப்படியே இறக்கிவிட்டார். ‘கொஞ்சம் சரியாகட்டுமே’ என்றார். சரியாகாது என்று அவருக்கும் தெரியும். என் மேல் பிரியமில்லாமல் அதைச் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தேன். அன்றைக்கு அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து நீ எப்படித் தெரிந்திருப்பாய் என்று அப்போது தெரிந்தது.

பையைக் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். எடுத்துக்கொண்டு வா. போர்வை இங்கே இருக்கிறது, இருந்தாலும் உன் குடையையும் கொண்டு வா. இடது கன்னத்தை உன் பக்கம் திருப்பி உட்கார்ந்திருப்பேன். லைட்டை அந்தப் பக்கம் வை, கிட்ட வை. கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய். நாலைந்து எடுத்தால் ஒன்று தேறும்.

சரியானதும் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லாதே. அப்பா மாதிரி நான் இரண்டாவது தடவை கேட்க மாட்டேன்.

வாலு